கடலாமையைக் கண்டால் என்ன செய்வது: அடையாளம், தடம், முட்டைக்குழி, முதலுதவி

கடலாமை கண்ணில் பட்டதும் நம்மில் பலர் செய்யும் முதல் காரியம் அதன் பக்கத்தில் ஓடுவது. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். நிலத்து ஆமை பயந்தால் தலையையும் காலையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். கடலாமையால் அது முடியாது. நீந்துவதற்கு ஏற்றபடி ஓடு தட்டையாகிவிட்டதால் உள்ளே இழுத்துக்கொள்ள இடமே கிடையாது. பயந்தால் அதற்குத் தெரிந்த வழி விலகிப்போவதுதான். கரையேறிய பெண் ஆமை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பும், மூச்செடுக்க மேலே வந்த ஆமை அரைகுறை மூச்சோடு மறுபடி உள்ளே போகும். எட்ட நின்றால் அது தன் வேலையைத் தன்பாட்டுக்குச் செய்துகொண்டே இருக்கும், நாம் பார்க்க வந்ததும் அதைத்தானே.

செய்யலாம், செய்யக்கூடாது என்று பட்டியல் போடுவதைவிட, ஒவ்வொன்றுக்கும் ஆமையின் உடம்பில் என்ன காரணம் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். காரணம் புரிந்துவிட்டால், இங்கே எழுதாத ஒரு சூழ்நிலை வந்தாலும் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

எந்த ஆமை என்று கண்டுபிடிப்பது

இன்றைக்கு உலகில் இருக்கும் கடலாமைகள் 7 இனம்தான். நிறத்தை நம்பாதீர்கள், பாசி படிந்திருக்கும், மணல் ஒட்டியிருக்கும், வெயிலில் ஒரு மாதிரியும் தண்ணீரில் ஒரு மாதிரியும் தெரியும். ஓட்டைப் பாருங்கள்.

ஓட்டில் தகடுகளே இல்லாமல், தோல் போர்த்தியது போலக் கருப்பாக, தலைப்பக்கத்திலிருந்து வால்பக்கம் வரை நீளவாக்கில் 7 வரம்புகள் ஓடினால் அது தோணி ஆமை. ஏழுவரி ஆமை என்றும் சொல்வார்கள். இதை வேறு எதோடும் குழப்பிக்கொள்ள முடியாது, கடலாமைகளிலேயே மிகப் பெரியது இதுதான். 1988-இல் வேல்ஸ் நாட்டின் ஹார்லெக் கடற்கரையில் ஒதுங்கிய ஓர் ஆண் தோணி ஆமையின் எடை 916 கிலோ. வேல்ஸ் மாதிரி குளிர்ந்த கடலில் ஆமைக்கு என்ன வேலை என்று தோன்றும். இந்த இனம் மட்டும் தன் உடம்புச் சூட்டைச் சுற்றியுள்ள தண்ணீரைவிட அதிகமாக வைத்துக்கொள்ளும். பெரிய உடல், தடித்த கொழுப்பு, துடுப்புகளுக்குப் போகும் சூடான ரத்தமும் அங்கிருந்து திரும்பும் குளிர்ந்த ரத்தமும் பக்கத்துப் பக்கத்துக் குழாய்களில் ஓடி வெப்பத்தைக் கைமாற்றிக்கொள்ளும் ஏற்பாடு, எல்லாம் சேர்ந்து அதைக் கனடா வரைக்கும் கூட்டிப்போகிறது. 1,200 மீட்டருக்கும் கீழே முங்கியது பதிவாகியிருக்கிறது.

தகடுகள் இருந்தால் எண்ண வேண்டியதுதான். முதுகெலும்புக்கு நேராக நடுவில் ஒரு வரிசை, அதற்கு இரு பக்கமும் ஒவ்வொரு வரிசை, ஓட்டின் விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்னத் தகடுகள். நமக்கு வேண்டியது நடுவரிசைக்குப் பக்கத்தில் இருக்கும் வரிசை. ஒரு பக்கத்தில் எத்தனை என்று எண்ணுங்கள். 4 இருந்தால் பேராமை, அழுங்காமை, தட்டை முதுகு ஆமை மூன்றில் ஒன்று. 5 இருந்தால் பெருந்தலை ஆமை அல்லது கெம்ப் சிற்றாமை. 6 அல்லது அதற்கு மேல் இருந்து, இடப்பக்கம் ஒரு எண்ணிக்கை வலப்பக்கம் வேறு எண்ணிக்கை என்று ஒழுங்கில்லாமல் வந்தால் அது பங்குனி ஆமை. இதைச் சிற்றாமை என்றும் சொல்வார்கள்.

4 தகடு கூட்டத்தைப் பிரிப்பதற்கு முகத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு கண்ணுக்கும் நடுவில், மூக்குக்குப் பின்னால் ஒரு ஜோடி நீளமான செதில் இருந்தால் பேராமை. இரண்டு ஜோடி இருந்து, அலகு பருந்தின் மூக்கு மாதிரி கூர்மையாக வளைந்து, ஓட்டின் தகடுகள் ஓடு வேய்ந்ததுபோல ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தால் அழுங்காமை. வயதான அழுங்காமையில் தகடுகள் அவ்வளவாக ஏறியிருக்காது, அதனால் முகச் செதிலையே நம்புங்கள். தட்டை முதுகு ஆமைக்கும் ஒரே ஜோடிதான், ஆனால் அது ஆஸ்திரேலியாவில் மட்டும்தான் முட்டையிடும், ஆழ்கடலுக்குப் போகாமல் ஆழம் குறைந்த கடலிலேயே இருந்துவிடும். 5 தகடு ஜோடியில் பெருந்தலை ஆமை செம்பழுப்பு, பெயருக்கேற்ற தலை; கெம்ப் சிற்றாமை சின்னது, சாம்பல் பச்சை, மெக்சிகோ வளைகுடாவையும் வட அட்லாண்டிக்கையும் தாண்டி அதைத் தேட வேண்டாம்.

வாயைப் பார்த்தால் சாப்பாடு தெரியும். பேராமையின் தாடை விளிம்பு ரம்பப்பல் மாதிரி இருக்கும், கடற்புல்லை அறுத்து மேய்வதற்கு. அழுங்காமை அந்தக் கூர்மூக்கைப் பவளப்பாறை இடுக்கில் விட்டுக் கடற்பஞ்சை இழுக்கும். பெருந்தலை ஆமைக்குத் தலை பெரிதாக இருப்பதே சங்கையும் நண்டையும் நொறுக்கும் தாடைத்தசைகளுக்கு இடம் வேண்டும் என்பதால். தோணி ஆமையின் தொண்டைக்குள் உள்நோக்கி வளைந்த முட்கள் நிறைந்திருக்கும், வழுக்கும் ஜெல்லிமீன் வெளியே நழுவாமல் இருக்க.

ஆணா பெண்ணா என்பது வளர்ந்த ஆமையில் மட்டும்தான் வெளியிலிருந்து தெரியும். ஆணின் வால் தடித்து, ஓட்டைத் தாண்டி வெகுதூரம் நீண்டிருக்கும். பெண்ணுக்குக் குட்டை வால். பருவத்துக்கு வராத ஆமையைப் பார்த்து இது பெண் என்று யாராவது சொன்னால் ஊகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மணலில் தடம் படிப்பது

என்னைக் கேட்டால் ஆமையை நேரில் பார்ப்பதற்குச் சமமான சந்தோஷம் இதில் இருக்கிறது. ஆமைக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, இரவு முழுக்க நடந்தது அப்படியே எழுதி வைத்த மாதிரி கிடக்கும். சூரியன் மேலே வருவதற்கு முன்னால் போங்கள். காற்றும் மனிதக் காலும் வந்துவிட்டால் ஓரங்கள் கரைந்துவிடும், சாய்வான வெளிச்சம் போய்விட்டால் மேடு பள்ளமும் தெரியாது.

முதலில் இடதும் வலதும் ஒரே நேர்க்கோட்டில் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். பேராமையும் தோணி ஆமையும் கனமானவை, இரண்டு முன்துடுப்பையும் ஒரே சமயத்தில் ஊன்றி உடம்பைத் தூக்கி முன்னால் போடும், அதனால் தடம் இருபக்கமும் ஒரே மாதிரி ஜோடியாக விழும். பேராமை என்றால் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம். தோணி ஆமை என்றால் ஒன்றரையிலிருந்து இரண்டு மீட்டருக்கும் மேல், டிராக்டர் போன தடமோ என்று சந்தேகம் வரும். பங்குனி ஆமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை மூன்றும் இடது முன்துடுப்பும் வலது பின்துடுப்பும், பிறகு வலதும் இடதும் என்று மாற்றி மாற்றி வைத்து நடக்கும்; தடம் முன்பின்னாக விழும், அகலம் ஒரு மீட்டரைத் தொடாது.

அடுத்தது, எந்தத் தடம் வந்தது, எந்தத் தடம் போனது? ஆமை மணலைப் பின்னால் தள்ளித்தான் முன்னால் போகிறது. ஒவ்வொரு துடுப்புப் பதிவிலும் மணல் எந்தப் பக்கம் குவிந்திருக்கிறது என்று குனிந்து பாருங்கள், குவியலுக்கு எதிர்ப்பக்கம்தான் ஆமை போன திசை. இரண்டு தடமும் குறுக்கிடும் இடத்தில் மேலே பதிந்தது திரும்பிப் போனது. இன்னொன்று, தடங்களின் நீளம் ஒன்றாக இருக்காது. ஆமை ஏறும்போது கடல் மட்டம் உயரத்தில் இருந்து, திரும்பும்போது வடிந்திருந்தால் போன தடம் நீளம். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தால் வந்த தடத்தின் கீழ்ப்பகுதியையே அலை அழித்திருக்கும்.

தடம் மேலே போய் எந்தக் கிளறலும் இல்லாமல் ஒரு வளைவு வளைந்து திரும்பிவிட்டதா? அது முட்டையிடாத பயணம். மணல் சரியில்லை, வேர் தட்டியது, விளக்கு வெளிச்சம், யாரோ குறுக்கே நடந்தார்கள், எதுவாகவும் இருக்கலாம். கலைந்த மணல் பெரிய வட்டமாகப் பரவியிருந்தால் முட்டையிட்டிருக்க வாய்ப்புண்டு. குச்சியால் குத்திப் பார்க்காதீர்கள், ஒரு முட்டை உடைந்தால் வாசனைக்கு எறும்பும் நாயும் நண்டும் வரும், மற்ற முட்டைகளிலும் பூஞ்சை ஏறும். தடத்தையும் காலால் அழிக்காதீர்கள். காலையில் கணக்கெடுக்க வருகிறவர்களுக்கு அந்தத் தடம்தான் ஆதாரம்.

இரவில் முட்டையிடுவதைப் பார்ப்பது

பல நாடுகளில் முட்டையிடும் ஆமையைத் தொந்தரவு செய்வது தண்டனைக்குரிய குற்றம், சில கரைகளில் இரவில் நுழையவே அனுமதி வேண்டும். அதனால் அங்கே பொறுப்பில் இருப்பவர்களோடு போங்கள். டார்ச்சை வீட்டில் வைத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன், கண் 15, 20 நிமிடத்தில் இருட்டுக்குப் பழகிவிடும். வெளிச்சம் வேண்டியே தீரும் என்றால் மங்கலான சிவப்பு விளக்கு. நீலம், பச்சை, வெள்ளை வெளிச்சத்தைவிடச் சிவப்பு ஆமையின் கண்ணில் குறைவாகவே உறைக்கும். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுப்பது எந்தக் கட்டத்திலும் வேண்டாம். அடர்நிற உடை, பேச்சு இல்லை.

ஆமை தண்ணீரின் ஓரத்தில் தலை காட்டும்போது நீங்கள் நிற்கும் இடத்திலேயே உட்கார்ந்துவிடுங்கள். அந்த நேரத்தில்தான் அதற்குப் பயம் அதிகம். நின்று, தலை தூக்கி, சுற்றிப் பார்த்து, பெருமூச்சு விட்டுத்தான் ஒவ்வொரு அடியும் ஏறும். உயர்ந்த அலை தொடாத உலர்ந்த மணலுக்கு வந்ததும் முன்துடுப்புகளால் மணலை வாரி வீசி, தன் உடம்பு அமரும் அளவுக்கு ஒரு பள்ளம் எடுக்கும். இதுவரைக்கும் நீங்கள் அசையக்கூடாது.

அப்புறம் வருவதுதான் பார்க்க வேண்டியது. உடம்பு அசையாது, பின்துடுப்புகள் மட்டும் வேலை செய்யும். ஒரு பின்துடுப்பை வளைத்துக் குழிக்குள் இறக்கி, ஒரு கை மணலை அள்ளி, சிந்தாமல் மெதுவாக மேலே கொண்டுவந்து பக்கத்தில் வைக்கும். வைத்த உடனே மறுபக்கத் துடுப்பு, தன் முன்னால் முன்பு வைத்திருந்த மணலைச் சட்டென்று முன்னால் உதறித் தள்ளிவிட்டு, அதே குழிக்குள் இறங்கும். இடது, வலது, இடது, வலது. அது எதையும் திரும்பிப் பார்ப்பதில்லை, அந்தக் குழியை வாழ்நாளில் ஒரு தடவைகூடக் கண்ணால் பார்க்காது. சுறா கடித்தோ வலையில் சிக்கியோ ஒரு பின்துடுப்பை இழந்த ஆமை, அந்தத் துடுப்பின் முறை வரும்போது மிச்சமிருக்கும் முனையை அசைத்துவிட்டுத்தான் அடுத்த துடுப்புக்குப் போகும். பார்க்கவே மனசு கனத்துவிடும். துடுப்பு மேற்கொண்டு எட்டாத ஆழம் வந்ததும் தோண்டுவதை நிறுத்தும், அதுதான் குழியின் அளவு. கழுத்து குறுகி அடி அகன்ற குடம் மாதிரி இருக்கும்.

முட்டை விழ ஆரம்பித்த பிறகு, கூட்டிவந்தவர் சொன்னால், பின்பக்கமாகத் தாழ்ந்து நெருங்கலாம். முட்டையிடும்போது ஆமை சுற்றியிருப்பதை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. முன்பக்கம் மட்டும் போகாதீர்கள். வெள்ளையாக, உருண்டையாக, மென்மையான ஓட்டோடு ஒன்றும் இரண்டும் மூன்றுமாக விழும், மொத்தம் சராசரியாக 100-ஐ ஒட்டி. தோணி ஆமை கடைசியில் மஞ்சள்கரு இல்லாத குட்டி முட்டைகளையும் இடும். கண்ணிலிருந்து வழிவது அழுகை இல்லை. கடல்நீரோடு உள்ளே போகும் உப்பைக் கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பிகள் வெளியே தள்ளுகின்றன, தண்ணீருக்குள் இருக்கும்போதும் அது நடந்துகொண்டுதான் இருக்கும்.

முடிந்ததும் பின்துடுப்பால் மூடி அமுக்கும். பங்குனி ஆமை தன் அடியோட்டால் இடதும் வலதுமாக ஆடிக் குத்தி மணலை இறுக்கும், அந்த டொம் டொம் சத்தம் இருட்டில் கொஞ்சம் தூரத்துக்குக் கேட்கும். பிறகு முன்துடுப்பால் மணலை நாலாபக்கமும் வீசி இடத்தை மறைக்கும். அப்போது பின்னால் நின்றால் முகத்தில் மணல் அடிக்கும், ஒதுங்கிவிடுங்கள். அது கடலுக்குத் திரும்பும் வழியில் குறுக்கே யாரும் இருக்கக்கூடாது. களைத்துப் போயிருக்கும், ஒவ்வொரு சில அடிக்கும் நிற்கும், தள்ளிவிடுவது உதவி இல்லை.

ஒரே பருவத்தில் ஒரு பெண் ஆமை சுமார் இரண்டு வார இடைவெளியில் பல தடவை முட்டையிடும், பெரும்பாலான இனங்களில் அடுத்த பருவத்துக்கு 2 முதல் 4 வருடம் கழித்துத்தான் வரும். சிற்றாமைகள் இரண்டும் கூட்டமாகக் கரையேறும் வழக்கம் உள்ளவை. ஒடிசாவில் கஹிர்மாதா, ருஷிகுல்யா, கோஸ்டாரிகாவில் ஓஸ்டியோனல், மெக்சிகோவில் எஸ்கோபில்லா ஆகிய கரைகளில் சில நாட்களுக்குள் ஆயிரக்கணக்கில் பங்குனி ஆமைகள் ஏறும். கெம்ப் சிற்றாமை பட்டப்பகலில் ஏறும். மெக்சிகோவின் ராஞ்சோ நுவேவோ கரையில் 1947-இல் எடுத்த படச்சுருளை வைத்து ஒரே நாளில் சுமார் 40,000 பெண் ஆமைகள் என்று கணக்கிட்டார்கள். 1985-இல் அந்த இனத்துக்கு மொத்தம் 702 முட்டைக்குழிகள்தான் எண்ண முடிந்தது. முட்டையைத் தோண்டி எடுத்ததும் இறால் வலையில் சிக்கியதும்தான் காரணம். 40 வருடத்துக்குள் இந்த வீழ்ச்சி.

முட்டைகளும் குஞ்சுகளும்

அலை தொடும் இடத்தில் குழி இருக்கிறதே, எடுத்து மேலே வைக்கலாமா என்று நல்லெண்ணத்தோடு கேட்பவர்கள் நிறைய. நீங்களாக எடுக்காதீர்கள். முட்டையிட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உள்பக்கம் மேலே ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு முட்டையை உருட்டினாலோ குலுக்கினாலோ கரு பிய்ந்து செத்துவிடும். வெளியில் எந்த அடையாளமும் தெரியாது. இடம் மாற்றப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள், குழி இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுங்கள்.

குழியின் மேல் பாயை விரிப்பது, மணலைக் குவிப்பது, நிழல் போடுவது, வண்டி ஓட்டுவது எதுவும் கூடாது. வண்டி மணலை இறுக்கிவிடும் என்பது எல்லோருக்கும் புரியும். நிழல் ஏன் கூடாது? கடலாமைக்கு ஆண் பெண் என்பதைப் பிறப்பிலேயே குரோமோசோம் தீர்மானிப்பதில்லை, மணலின் சூடு தீர்மானிக்கிறது. அடைகாலத்தின் நடுப்பகுதியில் சுமார் 29 டிகிரி செல்சியஸ் இருந்தால் பாதிக்குப் பாதி, அதற்கு மேல் போகப் போகப் பெண், கீழே வர வர ஆண். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபின் வடபகுதிக் கரைகளில் பிறந்த இளம் பேராமைகளில் 99 சதவீதத்துக்கும் மேல் பெண் என்று 2018-இல் வெளியான ஆய்வு சொன்னது. மணல் சூடாகிவிட்டது, அவ்வளவுதான் விஷயம், ஆனால் ஆண் இல்லாமல் அந்தக் கூட்டம் எத்தனை காலம் தாங்கும்? ஆராய்ச்சியாளர்கள் அளந்து நிழல் போடுவது வேறு, நாம் தோன்றியபடி போடுவது வேறு.

இனத்தையும் சூட்டையும் பொறுத்து 45 முதல் 70 நாளில் பொரியும். மூக்கு நுனியில் உள்ள சின்ன முள்ளால் ஓட்டைக் கிழித்து வெளியே வந்தாலும் உடனே மேலே வர முடியாது. மேலே இருக்கும் குஞ்சுகள் கூரை மணலைச் சுரண்டும், அது கீழே விழும், கீழே இருப்பவை அதை மிதித்து அமுக்கும், தளம் கொஞ்சம் கொஞ்சமாக உயரும். ஒன்று அசைந்தால் எல்லாம் அசையும். இப்படி நாள் கணக்கில் ஏறி, மேல்மணல் சூடாக இருந்தால் அங்கேயே நின்று, இரவில் குளிர்ந்ததும் ஒரே கொதிப்பாக வெளியே பொங்கும். அதனால்தான் பகலில் மணல் கொஞ்சம் உள்வாங்கியிருப்பதைப் பார்த்தால் தோண்டி உதவக்கூடாது. வெயிலில் வெளியே எடுத்த குஞ்சு சுடுமணலிலேயே காய்ந்துவிடும், பறவைகளும் விடாது.

வெளியே வந்ததும் அவை தாழ்வான, வெளிச்சமான அடிவானத்தை நோக்கி ஓடும். மின்விளக்கு இல்லாத காலத்தில் அது எப்போதும் கடல்தான். இப்போது தெருவிளக்கு, விடுதி விளக்கு, உங்கள் கையில் இருக்கும் செல்ஃபோன். குஞ்சு பொரிக்கும் கரையில் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி விளக்கை அணைப்பதும், அணைக்கச் சொல்வதும். குஞ்சுகள் நிலத்தை நோக்கி ஓடினால் முதலில் அந்த விளக்கைத் தேடி அணையுங்கள்.

தூக்கிக்கொண்டுபோய்த் தண்ணீரில் விடாதீர்கள். கடல்வரை நடப்பது, எதிர்வரும் அலையைக் குத்தி நீந்துவது, இரண்டும் சேர்ந்துதான் அதற்கு வெளிக்கடல் எந்தப் பக்கம் என்ற திசையைப் பதிய வைக்கின்றன, அலை தெரியாத ஆழத்துக்குப் போன பிறகு பூமியின் காந்தப்புலத்தை வைத்து அந்தத் திசையைப் பிடித்துக்கொள்ளும். கென்னத் லோமன் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் பெருந்தலை ஆமைக் குஞ்சுகளைக் காந்தச் சுருள் சூழ்ந்த தொட்டியில் நீந்தவிட்டு, அட்லாண்டிக்கின் வெவ்வேறு இடங்களின் காந்தப்புலத்தைப் போலியாக உண்டாக்கினார்கள். குஞ்சுகள் ஒவ்வொரு இடத்துக்கும், தங்களைப் பாதுகாப்பான நீரோட்டத்துக்குள் வைத்திருக்கும் திசையில் நீந்தின. கடலையே பார்க்காத குஞ்சுகள் அவை!

வழிதவறிச் சாலைக்கு வந்துவிட்ட குஞ்சை எடுக்கத்தான் வேண்டும் என்றால், ஈர மணல் போட்ட வாளியில் இருட்டாக மூடி வைத்து, பொறுப்பானவர்களை அழையுங்கள். வாளியில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீர் பட்டதும் முதல் நாள் முழுக்க வெறிபிடித்த மாதிரி நீந்தும் அந்த வேகம் கிளம்பிவிடும், வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள்கருதான் அதற்கான எரிபொருள், அதை வாளிக்குள்ளேயே செலவழித்துவிட்டால் கடலில் என்ன மிஞ்சும்?

தண்ணீருக்குள் பார்க்கும்போது

குறைந்தது 3 மீட்டர் தள்ளி, பக்கவாட்டில் நீந்துங்கள். நேர் எதிராகப் போகாதீர்கள், பின்னால் துரத்தாதீர்கள், மிக முக்கியமாக அதற்கு நேர் மேலே மிதக்காதீர்கள். ஆமைக்கு நுரையீரல்தான், செவுள் கிடையாது. மேலே வந்து ஓரிரு வினாடியில் நுரையீரலில் உள்ள காற்றில் பெரும்பகுதியை மாற்றிக்கொண்டு இறங்கிவிடும். ஓய்வாகத் தூங்கும்போது மணிக்கணக்கில் கீழே இருக்கக்கூடிய அதே ஆமை, துரத்தினால் ஆக்சிஜனை வேகமாக எரித்துவிடும், சீக்கிரமே மேலே வர வேண்டியிருக்கும், மேலே நீங்கள் இருப்பீர்கள். மேய்வதை நிறுத்திவிட்டு உங்களையே பார்த்தாலோ, தூங்கிக்கொண்டிருந்தது எழுந்து நகர்ந்தாலோ, நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

பவளப்பாறையில் சில இடங்களில் ஆமை கழுத்தையும் துடுப்பையும் நீட்டி அசையாமல் மிதக்கும், மீன்கள் வந்து ஓட்டிலும் தோலிலும் உள்ள பாசியைக் கொத்தும். அப்படி ஓர் இடம் கிடைத்தால் ஒரு ஓரமாக மிதந்துகொண்டு காத்திருங்கள், அடுத்தடுத்து ஆமைகள் வரும்.

அடிபட்ட, வலையில் சிக்கிய ஆமைக்கு

கரையில் உயிரோடு ஒதுங்கிக் கிடக்கும் ஆமையைக் கடலுக்குள் தள்ளிவிடாதீர்கள், இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். முட்டையிட வந்த ஆமை என்றால் அது தானாகப் போகும். பகலில் சோர்ந்து கிடக்கிறது, அலை புரட்டிப் போடுகிறது, ஓட்டிலும் தோலிலும் கொட்டலசு (பாறையிலும் படகிலும் ஒட்டி வளரும் சின்னக் கடல் உயிரி) அப்பிக்கிடக்கிறது என்றால் அது நீந்த முடியாமல் பல நாளாக மிதந்திருக்கிறது. திரும்பத் தள்ளினால் மூழ்கிச் சாகும். நிழல் கொடுங்கள், ஈரத்துணி போடுங்கள், மூக்கை மட்டும் மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கூட்டத்தையும் நாயையும் விலக்குங்கள், வனத்துறைக்கோ கடல் உயிரின மீட்புக் குழுவுக்கோ சொல்லுங்கள். துடுப்பைப் பிடித்து இழுத்தால் மூட்டு நழுவும், தூக்க வேண்டியிருந்தால் ஓட்டின் முன்னும் பின்னும் பிடித்துத் தூக்க வேண்டும். வாயிலிருந்தோ பின்புறத்திலிருந்தோ தூண்டில் நரம்பு தொங்கினால் இழுக்கவே கூடாது. உள்ளே குடலை அது கத்தி மாதிரி அறுத்துவிடும்.

வலையில் வரும் ஆமை அசைவில்லாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று கடலில் வீசுகிறவர்கள் உண்டு. அவசரப்படாதீர்கள், பாதி முங்கிப்போன ஆமை மயக்கத்தில் இருக்கலாம். வயிறு தரையில் இருக்கும்படி நேராகப் படுக்க வையுங்கள். பின்பக்கத்தைக் குறைந்தது 15 சென்டிமீட்டர் உயர்த்தி எதன் மேலாவது வையுங்கள், பெரிய ஆமைக்கு இன்னும் உயரம், நுரையீரலில் போன தண்ணீர் வடிய வேண்டும். அவ்வப்போது ஓட்டின் ஒரு ஓரத்தை இலேசாகத் தூக்கி இறக்கி, அடுத்து மறு ஓரத்தை. இடையிடையே கண் இமையையோ வாலையோ மெதுவாகத் தொட்டு, அசைகிறதா என்று பாருங்கள். நிழலில், ஈரத்துணி போர்த்தி, ஆனால் தண்ணீர்த் தொட்டியில் வைக்காமல். 4 மணி நேரம், தேவைப்பட்டால் 24 மணி நேரம் வரைகூடப் பொறுக்க வேண்டும். தெளிந்த பிறகு வலை எதுவும் தண்ணீரில் இல்லாதபோது, இன்ஜினை நியூட்ரலில் வைத்து, படகின் பின்பக்கத்திலிருந்து தலை முன்னால் போகும்படி இறக்குங்கள், அது போகும்வரை இன்ஜினை ஓட்ட வேண்டாம்.

படமும் குறிப்பும்

ஆமையின் கன்னத்தில் உள்ள செதில்களின் அமைப்பு ஒன்றுக்கொன்று மாறுபடும், இடக்கன்னமும் வலக்கன்னமும்கூட ஒன்றாக இருக்காது. அதனால் இரண்டு பக்கத்தையும், கண்ணுக்குப் பின்னால் உள்ள செதில்கள் தெளிவாகத் தெரியும்படி, ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தால் பல வருடம் கழித்தும் அதே ஆமைதான் என்று சொல்லிவிட முடியும். அதோடு மேலிருந்து முழு ஓடு ஒன்று, வால் தெரியும்படி ஒன்று. கழுத்திலோ துடுப்பிடுக்கிலோ காலிஃபிளவர் மாதிரி கட்டிகள் இருந்தால் அதையும் எடுங்கள், பேராமைகளில் பரவும் ஒரு நோய் அது. நாள், நேரம், இடத்தின் ஆயத்தொலைவு, ஆமை என்ன செய்துகொண்டிருந்தது என்பதை அன்றைக்கே எழுதிவிடுங்கள்.

துடுப்பில் உலோகப் பட்டை இருந்தால் அதன் ஒரு பக்கத்தில் எண்ணும் மறுபக்கத்தில் தகவல் அனுப்ப வேண்டிய முகவரியும் பொறித்திருப்பார்கள். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள், பட்டையைக் கழற்றாதீர்கள். ஓட்டின் மேல் பெயிண்ட் அடித்திருக்கும் செத்த ஆமையைக் கண்டால், பெரும்பாலும் அதை யாரோ ஏற்கெனவே கணக்கெடுத்துவிட்டார்கள் என்று பொருள். பெயிண்ட் இல்லையென்றால், எவ்வளவு அழுகியிருந்தாலும் படம் எடுத்துத் தகவல் கொடுங்கள்.